சாப்பாட்டுக்கு முந்தைய அமர்வு

வயதுவந்தோர் கல்வி பற்றிய மாநாடுகளில் நிகழ்ச்சி நிரல் எப்படி இருந்தாலும் ஒரு அமர்வின் இடம் மட்டும் மாறுவதில்லை. காலையில் குத்துவிளக்கு, வரவேற்புரை, நாற்பது நிமிடத்துக்கு ஒதுக்கி எழுபது நிமிடம் ஓடும் சிறப்புரை. பிறகு தேநீர். பிறகு தனித்தனி அறைகளில் அமர்வுகள்: எண்ணறிவு கற்பித்தல், செல்போன் செயலிகள், யாரும் எட்டிப்பார்க்காத 'மதிப்பீடும் கண்காணிப்பும்'. அதற்கப்புறம், மதியச் சாப்பாட்டுக்குச் சரியாக முன்னால், எல்லோரையும் மறுபடி பெரிய அரங்குக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து 'வெற்றிக் கதைகள்' நடக்கும். புதிதாக எழுதப் படிக்கக் கற்ற மூன்று நான்கு பேர், பெரும்பாலும் பெண்கள், மேடையேறித் தங்கள் கதையைச் சொல்வார்கள். அரங்கம் நெகிழும். பொன்னாடை போர்த்துவார்கள். சாப்பிடப் போவோம்.

தன்னார்வலராக ஒரு மாலை வகுப்புக்குப் போய்வரும் நான் இப்படி மூன்று மாநாடுகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அமர்வில்தான் எனக்குத் தூக்கம் வராது. அதேசமயம் அந்த அமர்வில்தான் நாற்காலி குத்தவும் செய்யும். ஏன் குத்துகிறது என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வியை நேராகவே வைத்துவிடுகிறேன். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒருவரிடம் போய், 'வாங்க, வந்து எங்களுக்கு உத்வேகம் கொடுங்க' என்று கேட்பது நியாயமா?

கேட்பதில் என்ன தப்பு என்று தோன்றலாம். எனக்கு ஐந்து வயதில் என் தாத்தா அரிசித் தட்டில் என் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தார். வீட்டில் பாயசம் வைத்தார்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு படித்ததற்காக யாரும் என்னை மேடையேற்றி, 'ஆனா' தெரியாத காலத்தில் நீ எவ்வளவு அவமானப்பட்டாய் சொல்லு என்று கேட்டதில்லை. எனக்கு எழுத்து என் வீட்டுத் திண்ணை மாதிரி, எனக்கு உரியது. அதே எழுத்து அறுபது வயதில் ஒருவருக்குக் கிடைத்தால் அதற்கு ஒரு கதை கேட்கிறோம், கண்ணீர் கேட்கிறோம், கடைசியில் நன்றி கேட்கிறோம். உரிமையாக இருந்தது நடுவில் எங்கேயோ தானமாக மாறிவிடுகிறது.

கதைக்கு ஒரு அச்சு உண்டு. முன்னாடி பஸ் நம்பர் படிக்கத் தெரியாது. பேங்கில் கைநாட்டு வைக்கும்போது உடம்பு கூசும். பிள்ளைகளின் பரீட்சை மார்க்கைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் படித்துச் சொல்லவேண்டும். ஒருநாள் ஒரு தன்னார்வலர் வந்தார். இப்போது நானே கையெழுத்துப் போடுகிறேன். இருட்டில் இருந்தேன், வெளிச்சத்துக்கு வந்தேன். எல்லோருக்கும் நன்றி. இதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் விட்டுப்போனது நிறைய. இந்தக் கதையில் எழுத்தறியாமை காய்ச்சல் மாதிரி வருகிறது, மருந்து கொடுத்ததும் போகிறது. யாரும் யாரையும் படிக்கவிடாமல் செய்யவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் யாரையும் கூட்டிப்போகவில்லை. இருட்டு மட்டும் இருந்தது, யார் விளக்கை அணைத்தார்கள் என்ற பேச்சே இல்லை.

பதினைந்து நிமிடத்தில் அதையெல்லாம் எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்கலாம். முடியும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் சொல்லத் தயாராக இருந்த ஒருவரோடு நான் போயிருந்தேன்.

எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் அவர் பெரியம்மா. செங்கல்பட்டுப் பக்கம் பிறந்து, கல்யாணமாகிப் புறநகருக்கு வந்து, வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர். வாசிக்க ஆரம்பித்ததும் அவர் முதலில் படித்தது கதைப்புத்தகம் அல்ல, தன்னுடைய ஆதார் அட்டை. பிறந்த தேதி 01/01/1971 என்று இருந்தது. அன்றைக்கு வகுப்பில் எல்லோருடைய அட்டையையும் எடுத்துவரச் சொல்லிப் பார்த்தோம். பதினாறு பேரில் ஏழு பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்திருந்தார்கள். பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு இப்படித்தான் போட்டுவிடுவார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஒருவருக்கொருவர் ஹாப்பி பர்த்டே சொல்லிக்கொண்டார்கள். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"எம்ஜியாரைச் சுட்டப்போ எனக்கு அஞ்சு வயசு தம்பி. எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கிக்கினு போயி ரேடியோ கேட்டாரு. அது எந்த வருசம்?"

1967 ஜனவரி. அப்படியானால் 1962-இல் பிறந்தவர். அவர் கணக்குக்கு 62 வயது, அட்டையின் கணக்குக்கு 53. முகாமில் பதிவு செய்த பையன் வயசு கேட்டபோது யாரோ 'நாப்பது போட்டுக்கோப்பா' என்று சொல்லியிருக்கிறார்கள். முதியோர் உதவித்தொகைக்கு 60 ஆகியிருக்க வேண்டும். ஒரு வாய்ச்சொல்லில் அவருடைய ஒன்பது வருடம் போய்விட்டது. திருத்தப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், இல்லையென்றால் பள்ளிச் சான்றிதழ். இரண்டாம் வகுப்போடு நின்றவரிடம் எந்தப் பள்ளியின் சான்றிதழ் இருக்கும்?

மாநாட்டில் பேசப்போகிறோம் என்றதும் பெரியம்மா இதைத்தான் பேசவேண்டும் என்று முடிவு செய்தார். பெரிய அதிகாரிகள் எல்லாம் முன்வரிசையில் இருப்பார்களாமே. நோட்டில் எழுதியும் வைத்திருந்தார், பென்சிலில், ஏழு வரி. நிகழ்ச்சியை ஒருங்கிணைத்தவர் அதைக் கவனமாகப் படித்தார். அன்பாகத்தான் பேசினார். "இது நெகட்டிவா இருக்கும்மா. ஜனங்க மோட்டிவேட் ஆகணும் இல்லையா? நீங்க எப்படிக் கஷ்டப்பட்டுப் படிச்சீங்கன்னு சொல்லுங்க, போதும்." அவரே ஒரு தாளில் குறிப்பும் எழுதிக்கொடுத்தார். பெரியம்மா அதை மேடையில் வாசித்தார், ஒரு எழுத்துக்கூட இடறாமல். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பேராசிரியை ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தொண்டை அடைத்தது, மறைப்பானேன்.

திரும்பி வரும்போது வேனில் பெரியம்மா பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் அழுவுறாங்க தம்பி. அந்த அட்டைய மட்டும் யாரும் கேக்கல."

கேட்டிருக்க முடியாது. அவர்களுக்குத் தெரியவே தெரியாதே.

பெரியம்மாவின் பிறந்த வருடத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்க்கலாம். நம் அரசியல் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தபோது அதன் 45-ஆம் பிரிவு ஒரு கெடு வைத்தது. பத்து வருடத்துக்குள், 14 வயது முடியும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்க அரசு முயலவேண்டும் என்பது அதன் சாரம். கெடு 1960-இல் முடிந்தது. இரண்டு வருடம் கழித்துப் பெரியம்மா பிறந்தார். அது அடிப்படை உரிமையாகச் சட்டத்தில் ஏற 2002 ஆனது, நடைமுறைக்கு வர 2010 ஆனது. அதற்குள் அவருடைய பிள்ளைகளே பள்ளி வயதைத் தாண்டிவிட்டார்கள். இப்படிப் பார்த்தால் மாலை வகுப்பு அவருக்குக் கிடைத்த பரிசு அல்ல, வட்டி இல்லாமல் வந்து சேர்ந்த பழைய பாக்கி. பாக்கியைத் திருப்பிக் கொடுக்க அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டவர்கள், பணம் வாங்கிக்கொண்டவரை மேடையேற்றி நன்றி சொல்லச் சொல்வதை வேறு எந்தக் கொடுக்கல் வாங்கலில் பார்த்திருக்கிறோம்?

அரசின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நகரவும் எனக்கு மனசு வரவில்லை. பெரியம்மா ஊரில் பள்ளிக்கூடம் இருந்தது. காமராஜர் காலத்து மதிய உணவும் இருந்தது. அவர் இரண்டாம் வகுப்பில் நின்றது தம்பியை இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டதால். அந்தத் தம்பி படித்தார். எழுத்தறியாத ஒவ்வொரு பெண்ணுக்கும் எங்கேயோ எழுத்தறிந்த ஒரு தம்பி இருக்கிறார். அரங்கத்தில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்களில் நிறையப் பேர் அந்தத் தம்பியின் பிள்ளைகள்.

இனி எதிர்த்தரப்பு. உத்வேகம் என்பதே வெத்துப் பேச்சு என்று நான் சொன்னால் எங்கள் வகுப்பே என்னைச் சிரிக்கும். ஐம்பது வயதில் சிலேட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு மலையைத் தாண்டவேண்டும், வெட்கம் என்கிற மலை. அதைத் தாண்டவைப்பது இன்னொருவரைப் பார்ப்பதுதான். கேரளத்தில் திரூரங்காடிக்கு அருகே கே.வி. ராபியா 1990-இல் வகுப்பு ஆரம்பித்தபோது, போலியோவால் நடக்கமுடியாத ஒரு பெண் சக்கர நாற்காலியில் இருந்து கற்பிப்பதைப் பார்த்தே வந்தவர்கள் இருப்பார்கள். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஜான் கோர்கோரன் என்பவர் படிக்கத் தெரியாமலே கல்லூரியை முடித்து, 17 வருடம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். 48-ஆம் வயதில்தான் நூலகம் ஒன்றின் எழுத்தறிவு வகுப்பில் படிக்கக் கற்றார். பிறகு புத்தகம் எழுதினார், மேடை மேடையாகப் பேசினார். அவர் கதையில் என்னை உலுக்குவது அவர் ஜெயித்த கட்டம் அல்ல, ஒளித்துவைத்த கட்டம். படிக்கத் தெரியாத ஒரு பையனை வகுப்பு வகுப்பாக மேலே தள்ளிவிட்டு, பட்டமும் கொடுத்து, வேலையும் கொடுத்த பள்ளிகளைப் பற்றிய கதை அது. அவர் தன்னைப் பற்றிப் பேசும்போதே அவற்றைப் பற்றியும் பேசவேண்டியிருக்கிறது.

ஆகவே யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். எங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒருவர் வந்து வாசலிலேயே நிற்கும்போது பெரியம்மா சொல்வார்: "ஒண்ணும் இல்லடி, 'ழ' தான் கொஞ்சம் படுத்தும், மத்ததெல்லாம் வந்துடும்." அது ஒரு தகவல். போன வழியில் எங்கே பள்ளம் இருக்கிறது என்று பின்னால் வருகிறவருக்குச் சொல்வது. அதே பெரியம்மா அதிகாரிகளுக்கும் நிதி கொடுப்பவர்களுக்கும் முன்னால் அதே கதையைச் சொல்லும்போது அது சாட்சியம் ஆகிவிடுகிறது, திட்டம் வேலை செய்கிறது என்பதற்கு. சொற்கள் ஒன்றுதான், ஆனால் நடப்பது வேறு. முதலாவதில் கேட்பவருக்கு ஒரு வேலை கிடைக்கிறது, போய் சிலேட்டை எடு என்று. இரண்டாவதில் கேட்பவரிடமிருந்து வேலை பறிக்கப்படுகிறது. அழுதாயிற்று, கடமை முடிந்தது.

கேரளத்தில் இருந்தே இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 2018-இல் ஆலப்புழை மாவட்டத்தின் கார்த்தியாயனி அம்மா தன் 96-ஆம் வயதில் 'அக்ஷரலக்ஷம்' தேர்வு எழுதி 100-க்கு 98 எடுத்தார். நாடே கொண்டாடியது. 2020-இல் தில்லியில் நாரி சக்தி விருது. பல்லில்லாச் சிரிப்போடு இருந்த அந்தப் படத்தை நானும் பகிர்ந்திருக்கிறேன், இன்றும் பிடிக்கும். கோயில் துப்புரவும் வீட்டு வேலையுமாகக் கழிந்த வாழ்க்கை அது. 96 வயது என்ற எண்ணைச் சாதனையாகப் படிக்கிறோம். அதே எண்ணைத் தாமதமாகவும் படிக்கலாம். தொண்ணூறு வருடத் தாமதம் என்று எந்தத் தலைப்புச் செய்தியும் போடவில்லை.

இன்னொரு காட்சி 1991 ஏப்ரல் 18, கோழிக்கோடு மானாஞ்சிற மைதானம். கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கவேண்டும். முதலமைச்சர் அறிவித்திருக்கலாம், ஆளுநர் அறிவித்திருக்கலாம். அறிவித்தவர் மலப்புறத்தைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா, இயக்கத்தில் புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர். என்னைக் கவர்வது அந்த வாக்கியத்தின் இலக்கணம். அறிவிப்பு என்பது அதிகாரத்தின் மொழி. சொன்னால் அது நடந்துவிடும். தீர்ப்பு சொல்வது, கூட்டம் முடிந்தது என்று தலைவர் சொல்வது, இவை மாதிரி. அன்று ஆயிஷாவைக் கூப்பிட்டது கண்ணீருக்காக அல்ல, ஒரு மாநிலத்தின் சார்பில் பேசுவதற்காக. அதுவும் சடங்குதானே என்பீர்கள். சடங்குதான். ஆனால் எந்தச் சடங்கில் யாருக்கு எந்த வினைச்சொல் கொடுக்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை.

எழுத்தறிவு வகுப்புகளின் வரலாற்றில் உத்வேகத்துக்காக ஆரம்பித்தவற்றை விட, குறிப்பாக ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தவைதான் எனக்கு உயிரோடு தெரிகின்றன. அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் ஜான்ஸ் தீவு. வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்துக் காட்டவேண்டும் என்ற விதி, கறுப்பின மக்களை வெளியே நிறுத்துவதற்கு வசதியாக இருந்த காலம். ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகருக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தன் பஸ்ஸில் ஏற்றிப்போவார். போகிற வழியில் அந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுப்பார். ஆலிஸ் வைன் என்ற பயணி அதை மனப்பாடமே செய்துவிட்டார். ஆனால் அவருக்கு மனப்பாடம் போதவில்லை, படிக்கத் தெரியவேண்டும் என்றார். 1954-இல் டென்னஸியில் ஹைலாண்டர் பள்ளி நடத்திய ஒரு பயிலரங்கில் ஜென்கின்ஸ் கலந்துகொண்டார். பயிலரங்கின் பொருள் ஐக்கிய நாடுகள் சபை. பேச்சு உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, அவர் கேட்டது தன் தீவுக்கு ஒரு வகுப்பு. பெரியவர்கள் படித்து ஓட்டுரிமை வாங்கவேண்டும், அவ்வளவுதான். மாநாட்டு அமர்வு என்றால் எனக்கு இதுதான் அமர்வு. 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் வகுப்பு ஆரம்பித்தது. வெள்ளையர்களின் கண்ணுக்குக் கடை மட்டும் தெரியட்டும் என்றுதான் பின்னறை. கற்பித்தவர் பெர்னிஸ் ராபின்சன், சிகை அலங்காரம் செய்பவர், ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். அவர் முதலில் கேட்டது உங்களுக்கு என்ன படிக்க வேண்டும் என்பதை. தபால் ஆர்டர் படிவம், தன் பெயர், பைபிள் என்று பதில் வந்தது. பாடத்திட்டம் அங்கிருந்து வந்தது.

பிரேசிலில் நடந்தது இன்னும் கூர்மையானது. 1963-இல் வடகிழக்கின் ஆங்கிகோஸ் என்ற சிற்றூரில் பாவ்லோ ஃப்ரேயிரேயின் குழு சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்பித்தது. நிறைவு வகுப்புக்குக் குடியரசுத் தலைவர் ஜோவா கூலார்ட்டே வந்தார். நிறைவு விழா என்றால் அதிலும் நெகிழ்ச்சி இருந்திருக்கும். ஆனால் அந்த ஊரில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் இன்னொரு அர்த்தம் இருந்தது. அன்றைய பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டு கிடையாது. 300 பேர் படித்தால் 300 புது ஓட்டு. விழாவுக்கு வந்தவர்களில் அந்தப் பகுதியின் ராணுவத் தளபதி காஸ்தேலோ பிராங்கோவும் ஒருவர். மறு வருடமே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அவரே குடியரசுத் தலைவர் ஆனார், ஃப்ரேயிரே சுமார் 70 நாள் சிறையில் இருந்துவிட்டு நாட்டைவிட்டுப் போனார். எழுத்தறியாதவர்களுக்கு அங்கே ஓட்டுரிமை திரும்பியது 1985-இல்தான். அன்று அரங்கத்தில் யார் யார் நெகிழ்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நடந்தது என்ன என்பதைத் தளபதி சரியாகப் புரிந்துகொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன்.

நம் நாட்டில் அந்த நிலை இல்லை, அது நம் பெருமைகளில் ஒன்று. 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 சதவீதம் சொச்சம். அப்படி இருந்தும் முதல் தேர்தலிலேயே எல்லோருக்கும் ஓட்டு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். படிக்கத் தெரியாதா, பரவாயில்லை, காளைமாடு தெரியும் இல்லையா, அதில் போடு. படிக்காதவருக்கு நல்லது கெட்டது தெரியும் என்ற நம்பிக்கை அந்தச் சின்னத்துக்குள் இருந்தது.

இப்போது இன்னொரு வருடம்: 2015. ஹரியானா அரசு பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பவர்களுக்குக் கல்வித் தகுதி வைத்தது. பொதுவாகப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டு, வார்டு உறுப்பினராக நிற்கும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஐந்து. அந்த டிசம்பரில் ராஜ்பாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. சரி தவறையும் நல்லது கெட்டதையும் பிரித்தறியும் ஆற்றலைக் கல்விதான் மனிதனுக்குத் தருகிறது என்ற பொருளில் தீர்ப்பில் ஒரு வரி வருகிறது. அதைப் படித்தபோது எனக்கு அந்த மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அமர்வுதான் ஞாபகம் வந்தது. முன்னாடி எதுவும் தெரியாது, இருட்டில் இருந்தேன் என்று எத்தனை மேடைகளில் எத்தனை பெண்களைச் சொல்லவைத்திருக்கிறோம். அவர்கள் பணிவுக்காகச் சொன்னது, நாம் நெகிழ்ந்து கைதட்டியது, இன்னொரு இடத்தில் வாதமாகிவிடுகிறது. இருட்டில் இருப்பவர் எப்படி ஊரை ஆளமுடியும்?

இந்த உருவகம் நமக்கு ரொம்பப் பழையது என்பதையும் சொல்லவேண்டும். கல்லாதவர் கண்ணைப் புண் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். இயக்கத்துக்கும் அறிவொளி என்றே பெயர் வைத்தோம். ஆனால் 1990-களின் அறிவொளிக்காரர்கள் வகுப்புகளுக்குப் போனதும் ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: இருட்டு என்று நினைத்த இடத்தில் கதையும் விடுகதையும் சொலவடையும் கொட்டிக்கிடந்தன. கற்பிக்கப் போனவர்கள் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். ச. தமிழ்ச்செல்வன் தன் அறிவொளி அனுபவங்களை எழுதிய புத்தகத்துக்கு 'இருளும் ஒளியும்' என்று பெயர் வைத்தார். எந்தப் பக்கம் இருள், எந்தப் பக்கம் ஒளி என்று பிரித்துச் சொல்லாத தலைப்பாகவே நான் அதைப் படித்துக்கொள்கிறேன்.

பெரியம்மாவுக்கு நல்லது கெட்டது தெரியாமல் இருந்ததில்லை. சீட்டுப் பிடிப்பவர்களில் யார் ஓடிப்போவார்கள் என்று மூஞ்சியைப் பார்த்தே சொல்வார். தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்று, தன்னைப் பற்றிக் காகிதத்தில் என்ன எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது. எழுத்து அவருக்கு அறிவைக் கொடுத்தது என்று சொன்னால் அதில் அவரைக் குறைத்துப் பேசுவதும் சேர்ந்துவிடுகிறது. எழுத்து அவருக்கு ஒரு புகாரைக் கொடுத்தது. புகார் என்பது குறைந்த விஷயமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

புதுக்கோட்டை அறிவொளியை எல்லோரும் சைக்கிளோடு சேர்த்தே நினைக்கிறார்கள். 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டதும், பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதும் தெரிந்ததுதான். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கி ஓட்டினார்கள். அங்கே மேடையேறி 'நான் விடுதலை அடைந்தேன்' என்று யாரும் உரையாற்றவேண்டி இருக்கவில்லை. தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு, பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு தெருவில் போனார்கள். பார்த்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. அறிவொளிப் பாடநூலின் தொடக்கச் சொற்களில் ஒன்று 'பட்டா'. அம்மாவோ ஆடோ அல்ல, நிலத்தின் காகிதம். அந்தச் சொல்லைத் தேர்ந்தவர்களுக்கு எழுத்து எதற்கு என்பது தெரிந்திருந்தது.

பிரான்சிஸ் கோடி என்ற மானுடவியலாளர் புதுக்கோட்டை அறிவொளி பற்றி எழுதிய நூல் 2013-இல் வந்தது. அதில் கிராமத்துப் பெண்கள் தங்கள் கையால் கையெழுத்திட்டு ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போவதை விரிவாகப் பேசுகிறார். மனுவின் மொழியும் ஒன்றும் நிமிர்ந்த மொழி இல்லை. 'பணிவுடன்', 'தாழ்மையுடன்', 'சமூகம்' என்று குனிந்து குனிந்துதான் போகும். மேடையில் நன்றி சொல்வதைக் குறை சொல்லிவிட்டு மனுவைத் தூக்கிப்பிடிப்பது எப்படி என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஒரு வித்தியாசம் இருக்கிறது. மனுவைக் கொடுத்தால் எண் போட்டு ஒரு ரசீது தருவார்கள். அடுத்த முறை போகும்போது அதைக் காட்டி 'என்ன ஆச்சு' என்று கேட்கலாம். நெகிழ்ந்தவர்களிடம் அடுத்த வருடம் போய் எதைக் காட்டிக் கேட்பது?

அடுத்த மாநாட்டில் அந்த அமர்வை எடுத்துவிடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதே நேரத்தில், அதே மேடையில், அதே முன்வரிசையை வைத்துக்கொண்டு, வந்தவர்கள் தாங்கள் படித்து முதலில் கண்டுபிடித்த தப்பைச் சொல்லட்டும். ரேஷன் கடைச் சீட்டில், குழுக்கடன் பாஸ்புக்கில், வாக்காளர் பட்டியலில், எதில் வேண்டுமானாலும். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பதில் சொல்லவேண்டுமோ அவர் பெயரையும் நிகழ்ச்சி நிரலில் போடலாம். சாப்பாடு கொஞ்சம் தாமதமாகும்.

எங்கள் வகுப்பில் இந்த மாதம் மனு எழுதுகிறோம். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள், வாசலில் மனு எழுதித்தருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், காசு கொடுத்தால் நல்ல கையெழுத்தில் எழுதித்தருவார்கள். ஏழு ஜனவரிக்காரர்களும் சேர்ந்து ஒரே மனுவாகத் தங்கள் கையாலேயே எழுதுவது என்று முடிவாகியிருக்கிறது. அனுப்புநர், பெறுநர் எல்லாம் முடிந்துவிட்டது. 'பொருள்' என்ற வரியில்தான் மூன்று நாளாக நிற்கிறோம். 'பிறந்த தேதி திருத்தம் கோருதல் தொடர்பாக' என்று நான் எழுதிப்போட்டேன். பெரியம்மா அதை அழிரப்பரால் அழித்துவிட்டு, 'எங்கள் வயதைத் திருப்பித் தருவது' என்று எழுதிவைத்திருக்கிறார். அப்படி எழுதினால் ஆபீஸில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்கிறார்கள் மற்ற ஆறு பேரும்.